டெராபைட் கணக்கில் டேட்டா அனுப்ப குளோபஸ் சர்வர்: யாருக்கு உதவும், யாருக்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குளோபஸ் கனெக்ட் சர்வர் நல்ல சாமான். டெராபைட் கணக்கில் ஆய்வுத் தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த வேண்டும், பாதியில் கரண்ட் போனாலும் லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து அதுவே தொடர வேண்டும் என்றால், இதைவிட நிம்மதியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் இதைப் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இது தேவையே இல்லை. இதற்கு ஒரு தம்பி இருக்கிறது, அதுவே அவர்களுக்குப் போதும். நிஜமாகவே தேவைப்படுகிறவர்களுக்கோ, சாஃப்ட்வேரை நிறுவுவது மொத்த வேலையில் சின்னப் பங்குதான். மீதியெல்லாம் ஃபயர்வால், டிஸ்க், யாருக்கு எந்தக் கோப்பு தெரியலாம் என்ற பஞ்சாயத்து.

நான் ஒரு கல்லூரியில் பருவநிலை ஆய்வுக் குழுவின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையை ஆராயும் மாணவர்களுக்கு எரா-5 தரவு இல்லாமல் பொழுது விடியாது. அதைத் தயாரிப்பது நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம். 1940இலிருந்து மணிக்கு மணி வானிலை நிலவரம், உலகம் முழுவதற்கும், கால் டிகிரி இடைவெளியில். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலுள்ள என்கார் ஆய்வு மையமும் இதன் பிரதி ஒன்றை வைத்திருக்கிறது, அங்கிருந்து குளோபஸ் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் டிகிரி என்றால் 1440 பெருக்கல் 721, அதாவது பத்து லட்சத்துக்குச் சற்று மேல் புள்ளிகள். அவை ஒவ்வொன்றுக்கும் 37 அழுத்த மட்டங்கள், ஒரு நாளைக்கு 24 மணி. வெப்பநிலை என்ற ஒரே ஒரு மாறிக்கு ஒரே ஒரு நாளில் சுமார் 92 கோடி எண்கள். எண்ணுக்கு 2 பைட் வைத்தால்கூட 1.8 ஜிபி, வருடத்துக்கு 670 ஜிபி. மூன்று மாறிகள், பத்து வருடம் என்று கைடு கேட்டுவிட்டால் 20 டெராபைட். சுருக்கினால் குறையும்தான், ஆனாலும் பென் டிரைவ் சமாச்சாரம் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், சர்வரையெல்லாம் யோசிக்கும் முன். தமிழ்நாட்டு மழைக்கு அட்லாண்டிக் கடலின் தரவு எல்லா ஆய்வுக்கும் தேவைப்படாது. எரா-5ஐத் தரும் இடங்களில், வேண்டிய அட்சரேகை தீர்க்கரேகைக்குள் மட்டும் வெட்டித் தரும் வசதி உண்டு. வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் 20 டெராபைட் சில நூறு ஜிபியாக இறங்கிவிடும். மாணவர்கள் இதைச் செய்யவே மாட்டார்கள். "எதுக்கும் இருக்கட்டும் சார், முழுசா எடுத்து வச்சுக்கலாம்" என்பார்கள். டிஸ்க் வாங்கித் தருவது யார்?

சரி, முழுசாகத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முதலில் கைபோவது ஆர்சிங்க், கணினிக்குக் கணினி கோப்பு நகலெடுக்கும் பழைய கருவி. நானும் அதை தினமும் பயன்படுத்துகிறேன், கட்டடத்துக்குள் அதை மிஞ்ச ஆள் இல்லை. தூரம் கூடினால்தான் சிக்கல். சென்னையிலிருந்து போல்டருக்கு ஒரு பாக்கெட் போய்ப் பதில் வரக் கூடக்குறைய கால் விநாடி ஆகும். ஆர்சிங்க் பயணம் செய்வது எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பின் மேலே. சாதாரண ஓபன்எஸ்எஸ்ஹெச் பதில் வருவதற்குள் சுமார் 2 எம்பி அனுப்பிவிட்டு நின்றுவிடும், "வந்து சேர்ந்தது" என்று மறுபக்கம் சொன்னால்தான் அடுத்தது. கால் விநாடிக்கு 2 எம்பி என்றால் விநாடிக்கு 8 எம்பி. உங்களிடம் 1 ஜிகாபிட் லைன் இருக்கட்டும், 10 ஜிகாபிட் லைன் இருக்கட்டும், ஒரு ஓட்டத்தில் அதற்கு மேல் ஏறாது. அந்த வேகத்தில் 20 டெராபைட் வந்து சேர 29 நாள். அதே 1 ஜிகாபிட் லைனை முழுக்கப் பயன்படுத்த முடிந்தால் 44 மணி நேரம். லைனை மாற்றாமலே இத்தனை வித்தியாசம்.

கூகுள் டிரைவ் என்று ஒருவர் சொன்னார். நாளைக்கு 750 ஜிபிக்கு மேல் ஏற்ற விடமாட்டார்கள், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கை கூரியரில் அனுப்புவதை மட்டும் நான் கேவலமாகப் பேசமாட்டேன். ஒரே ஒரு முறை, ஊருக்குள்ளே என்றால் இன்றைக்கும் அதுதான் வேகமான வழி. வாராவாரம் நடக்கும் வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

இனி குளோபஸ். சிகாகோ பல்கலைக்கழகமும் ஆர்கான் தேசிய ஆய்வகமும் சேர்ந்து வளர்த்தது. இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன், ஸ்டீவ் டூக்கி மூவரும் 1990களில் கிரிட் கம்ப்யூட்டிங் என்று ஆரம்பித்ததன் வாரிசு. 2010இல் அதை இணையச் சேவையாக மாற்றினார்கள். அடியில் ஓடுவது கிரிட்எஃப்டிபி, அதாவது கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியை ஒரே நேரத்தில் பல ஓட்டங்களில் டேட்டா அனுப்பும்படி திருத்தியது. மேலே ஒரு இணையப் பக்கம்: இடது பக்கம் ஒரு கணினி, வலது பக்கம் ஒரு கணினி, கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஆரம்பி என்று சொல்லிவிட்டு பிரவுசரை மூடிவிட்டுப் போகலாம். முடிந்தால் மெயில் வரும், தகராறு என்றாலும் மெயில் வரும்.

பேராசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம டேட்டா அவங்க கிளவுடுக்குப் போயிடுமா?" போகாது. குளோபஸ் சேவை அமேசான் கிளவுடில் உட்கார்ந்திருப்பது உண்மைதான், ஆனால் அது கட்டளை மட்டும்தான் கொடுக்கிறது. கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு வீட்டையும் பேச வைப்பார், சீர்வரிசை அவர் வீட்டு வழியாகப் போவதில்லை. கோப்புகள் இரண்டு கணினிகளுக்கிடையே நேராகத்தான் போகின்றன. கோப்புகளின் பெயர், அளவு, யார் எப்போது அனுப்பினார் என்ற விவரம் அந்தச் சேவைக்குத் தெரியும். நோயாளிகளின் பெயரையே கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இப்போது அந்தத் தம்பி. குளோபஸ் கனெக்ட் பர்சனல் என்று ஒன்று, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், ரூட் அனுமதி வேண்டாம், பொது ஐபி வேண்டாம். அது எப்போதும் உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பைத்தான் தொடங்கும், அதனால் கல்லூரியின் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 443, 2223 போர்ட்களும் (இணைப்புக்கான எண்ணிட்ட கதவுகள்) 50000 முதல் 51000 வரையும் வெளியே போக விட்டால் போதும். என்கார், ஐரோப்பிய உயிர்த்தகவல் நிறுவனம் மாதிரி இடங்களிலிருந்து எடுத்துக்கொள்வது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், இதைப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சர்வர் தேவைப்படுவது மூன்று சந்தர்ப்பத்தில். ஒன்று, உங்கள் டேட்டாவை மற்றவர்கள் வந்து எடுக்க வேண்டும். இரண்டு, பலபேர் பயன்படுத்தும் ஒரே பெரிய சேமிப்புக் கிடங்கு இருக்கிறது, ஒவ்வொருவரும் தனித்தனியாக பர்சனல் ஓட்டிக்கொண்டிருந்தால் லைன் நாசமாகும். மூன்றாவது பலருக்குத் தெரியாது: இரண்டு பக்கமும் பர்சனல்தான் என்றால் இலவசத்தில் நடக்காது, சந்தா கேட்கும். ஒரு பக்கமாவது சர்வர் இருந்தால் சந்தா இல்லாமலே போகும்.

நிறுவுவதைப் பற்றி. லினக்ஸில் மட்டும்தான், ரெட்ஹாட் வகையறா, டெபியன், உபுண்டு, சூஸி எல்லாவற்றுக்கும் பேக்கேஜ் உண்டு. நாங்கள் ராக்கி லினக்ஸில் போட்டோம். முன்பு நான்காம் பதிப்பு இருந்த காலத்தை நினைத்தால் இப்போதைய ஐந்தாம் பதிப்பு சொர்க்கம். அப்போது எக்ஸ்.509 சான்றிதழ், மைப்ராக்ஸி என்று பாதி நாள் அதிலேயே போகும். இப்போது உங்கள் சர்வருக்கு குளோபஸின் டொமைனுக்குக் கீழே ஒரு பெயர் தானாகக் கிடைக்கிறது, அதற்கான டிஎல்எஸ் பாதுகாப்புச் சான்றிதழை, இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்டிடமிருந்து அதுவே வாங்கி அதுவே புதுப்பித்துக்கொள்கிறது. முதல் கட்டளை எண்ட்பாயின்ட்டை, அதாவது குளோபஸுக்குத் தெரியும் உங்கள் சர்வர் முகவரியை, பதிவு செய்யும், இரண்டாவது அந்தக் கணினியை அதில் சேர்க்கும், மூன்றாவது எந்தச் சேமிப்பிடம் என்று சொல்லும், நான்காவது வெளியில் தெரியும் தொகுப்பை உருவாக்கும். காப்பி ஆறுவதற்குள் முடியும் வேலைதான். முதல் கட்டளை ஒரு சாவிக் கோப்பு தரும், அதை வேறொரு இடத்தில் பத்திரமாக எடுத்து வையுங்கள். நாளைக்கு இரண்டாவது கணினியைச் சேர்க்கப் போனால் அதைத்தான் கேட்கும். அதை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் போட்டுவைப்பதும் தப்பு.

கட்டளைகள் முடிந்ததும் இணையப் பக்கத்தில் உங்கள் தொகுப்பு வரும், உள்ளே போனால் ஃபோல்டர்களெல்லாம் அழகாகத் தெரியும். ஆகா என்று ஒரு கோப்பை அனுப்புவீர்கள். பூஜ்யம் பைட். பத்து நிமிடம் கழித்தும் பூஜ்யம் பைட். அப்புறம் டைம் அவுட்.

இது தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இடம், ஆனால் காரணம் எளிது. ஃபோல்டரைப் பட்டியலிடுவது கட்டளை இணைப்பு வழியாகவே நடந்துவிடும், அதற்கு 443 திறந்திருந்தால் போதும். கோப்பு போவது வேறு இணைப்புகளில், 50000 முதல் 51000 வரையுள்ள போர்ட்களில். அவை மூடியிருந்தால் எல்லாம் தெரியும், எதுவும் நகராது. அதிலும் ஒரு வினோதம் உண்டு. கிரிட்எஃப்டிபியில் அனுப்புகிறவர்தான் பெறுகிறவரின் கதவைத் தட்டுவார். எனவே உங்கள் பக்கம் உள்ளே வரும் போர்ட்கள் மூடியிருந்தால் உங்களிடமிருந்து வெளியே போவது ஜோராகப் போகும், வெளியிலிருந்து உங்களிடம் வருவது மட்டும் நிற்கும். "பாதி வேலை செய்யுது சார்" என்று யாராவது சொன்னால் நான் வேறெதையும் பார்ப்பதில்லை, நேராக இதைத்தான் பார்ப்பேன்.

இந்த ஆயிரத்துச் சொச்சம் போர்ட்களைத் திறக்க வைப்பதுதான் உண்மையான இன்ஸ்டலேஷன். ஒரு கல்லூரியின் நெட்வொர்க் பிரிவில் நடந்த பேச்சு அப்படியே:

"ஆயிரம் போர்ட்டா? ஒண்ணு ரெண்டுன்னா திறக்கலாம் சார்."

"ஒரே ஒரு கணினிக்கு மட்டும்தான் சார்."

"அந்த ஒரு கணினி வழியா உள்ள பூந்துட்டா?"

அவர் கேட்பது நியாயம்தான். அவர் வேலை காவல், என் வேலை போக்குவரத்து. அவர் மனதை மாற்றியது என் வாதம் இல்லை, வரைபடம். டேட்டா சர்வரை வளாக ஃபயர்வாலுக்குப் பின்னால் வைக்காமல், வெளி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே தனியாக வைத்து, அதில் மெயில், பிரவுசர், வெப்சைட் எதுவும் ஓடாமல் டேட்டா போக்குவரத்து மட்டும் வைத்து, ரவுட்டரிலேயே அனுமதிப் பட்டியல் போட்டுக் காப்பது. இதற்கு சயின்ஸ் டிஎம்ஸெட் என்று பெயர். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு நெட்வொர்க்கான இஎஸ்நெட்காரர்கள் பிரபலப்படுத்தியது, 2013இல் சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரையும் வந்தது. நான் ஏதோ சொந்தமாகக் கேட்பது போலிருந்த வரை கோப்பு மேசையிலேயே கிடந்தது. உலகத்தில் பெரிய ஆய்வகங்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று காகிதத்தில் காட்டியதும் நகர்ந்தது.

வளாக ஃபயர்வாலை ஏன் தவிர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அவை ஆயிரம் பேர் வாட்ஸ்அப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. சின்னச் சின்ன இணைப்புகள் லட்சம் வந்தாலும் தாங்கும். ஒரே இணைப்பில் வெள்ளமாக வந்தால் உள்ளேயிருக்கும் இடையகம் (பஃபர்) நிரம்பி சில பாக்கெட்டுகளைக் கீழே போட்டுவிடும். சில பாக்கெட்டுதானே என்று நினைப்போம். இஎஸ்நெட் சொல்லும் ஒரு நிஜச் சம்பவம்: ஒரு ரவுட்டர் கார்டு பழுதாகி 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றைத் தவறவிட்டது. சுமார் 0.0045 சதவீதம். ரவுட்டரின் கண்காணிப்பில் அது தெரியவே இல்லை. பக்கத்து ஊருக்கு அனுப்பினால் பெரிய வித்தியாசம் இல்லை, கண்டம் தாண்டினால் 10 ஜிகாபிட் லைன் நொண்டியடித்தது. தூரம் கூடக்கூட, பாக்கெட்டுகள் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் டிசிபி ஒரு பாக்கெட் இழப்பிலிருந்து எழுந்து நிற்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, அதுதான் விஷயம். குளோபஸ் பல ஓட்டங்களை விடுவதால் இதைக் கொஞ்சம் மறைக்கும், சரிசெய்யாது.

சர்வர் பக்கமும் சில வேலை உண்டு. லினக்ஸ் ஒரு டிசிபி இணைப்புக்கு இயல்பாக ஒதுக்கும் பெறும் இடையகம் அதிகபட்சம் 6 எம்பி, அதிலும் பாதிதான் நிஜமாகப் பயன்படும். கால் விநாடி தூரத்துக்கு 1 ஜிகாபிட்டை நிரப்ப 31 எம்பி வழியில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் கர்னல் அமைப்பில் அந்த உச்சவரம்பை 64 எம்பிக்கு உயர்த்துங்கள். வரிசை முறையை எஃப்க்யூ என்று மாற்றுங்கள். நெரிசல் கட்டுப்பாட்டை பிபிஆர் அல்லது ஹெச்டிசிபி என்று வைத்துப் பாருங்கள், எது உங்கள் லைனுக்கு ஒத்துவருகிறதோ அது. ஜம்போ ஃபிரேம் என்று பாக்கெட் அளவை 9000 பைட்டாக வைப்பதை வழி முழுக்க எல்லாச் சுவிட்சும் ஒத்துக்கொண்டால் மட்டும் செய்யுங்கள், நடுவில் ஒன்று மறுத்தாலும் சின்னக் கோப்பு போகும், பெரியது தொங்கும். இதெல்லாம் இஎஸ்நெட்டின் ஃபாஸ்டர்டேட்டா பக்கத்தில் வரிவரியாக இருக்கிறது, காப்பியடிப்பதில் வெட்கமே வேண்டாம்.

டிஸ்க்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 10 ஜிகாபிட் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு உள்ளே ஒற்றை ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பார்கள். நல்ல ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 150 முதல் 200 எம்பி தரும், 10 ஜிகாபிட் கேட்பது 1250 எம்பி. போதாக்குறைக்கு குளோபஸ் ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொடும், ஊசி அங்குமிங்கும் ஓடி அந்த 150உம் இறங்கிவிடும். அதோடு நின்றதா? ஒவ்வொரு கோப்பும் போனபிறகு செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், போட்டு இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும், அதற்காக டிஸ்க்கிலிருந்து இன்னொரு முறை படிக்கும். இதை நிறுத்திவிட்டால் வேகம் கூடும் என்று ஒரு குறுக்கு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். டிசிபியின் சொந்த செக்சம் வெறும் 16 பிட், டெராபைட் கணக்கில் அது நம்பத்தக்கதில்லை. வானிலைத் தரவை வைக்கும் நெட்சிடிஎஃப் கோப்பில் ஒரு பைட் மாறினால் கோப்பு திறக்கவும் செய்யும், மழை அளவும் காட்டும், தப்பாகக் காட்டும். நாலைந்து டிஸ்க்கை ஒன்றாக ஓடும்படி ரெய்டில் கட்டுங்கள், முடிந்தால் முன்னால் ஒரு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வையுங்கள், சரிபார்ப்பு ஓடட்டும்.

சின்னக் கோப்புகள் இன்னொரு தலைவலி. 10 ஜிபி ஒரே கோப்பாகப் போவதற்கும், அதே 10 ஜிபி லட்சக்கணக்கான துணுக்குகளாகப் போவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒவ்வொரு கோப்புக்கும் திற, எழுது, மூடு, செக்சம் போடு என்று சடங்குகள். குளோபஸ் அடுத்தடுத்த கோப்புகளுக்கான கட்டளைகளைப் பதிலுக்குக் காத்திராமல் வரிசையாக அனுப்பிப் பார்த்துக்கொள்கிறது, ஆர்சிங்கைவிடப் பரவாயில்லை, ஆனாலும் டார் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, அனுப்புவதற்கு ஈடாகாது. மைக்ராஸ்கோப் படங்கள் எடுக்கும் பக்கத்து லேப் காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரே ஒரு இடத்தை நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். சேமிப்பிடத்தை அமைக்கும்போது எந்த டொமைனிலிருந்து வருகிறவர்களை அனுமதிக்கலாம் என்று கேட்கும். ஒரே டொமைன் கொடுத்தால், மெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் இருக்கும் பெயரை அப்படியே லினக்ஸ் பயனர் பெயராக எடுத்துக்கொள்வதுதான் அதன் இயல்பு. கல்லூரி டொமைன் என்றால் சரி, அங்கே பெயர் கொடுப்பது கல்லூரிதான். "எல்லாரும் ஜிமெயில்தானே வச்சிருக்காங்க" என்று ஜிமெயிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? உங்கள் சர்வரில் குமார் என்று ஒரு கணக்கு இருக்கிறது, உலகத்தில் எங்கோ ஒருவர் அதே பெயரில் ஜிமெயில் வைத்திருக்கிறார், அவர் உள்ளே வந்து குமாரின் ஃபோல்டரில் உட்காருவார். வெளியாட்களை அனுமதிக்க வேண்டுமென்றால் இன்ன முகவரிக்கு இன்ன கணக்கு என்று ஒவ்வொன்றாக எழுதிய மேப்பிங் கோப்பு கொடுங்கள். அதேபோல, சும்மா விட்டால் அந்தக் கணக்குக்கு லினக்ஸில் என்னென்ன தெரியுமோ அத்தனையும் இணையப் பக்கத்திலும் தெரியும். டேட்டா ஃபோல்டர் மட்டும், அதுவும் படிக்க மட்டும் என்று பாதை வரம்பு போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, டேட்டா போகும் ஓட்டங்கள் இயல்பில் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்படுவதில்லை, கட்டளைகள் மட்டும்தான் மறையாக்கத்தோடு போகும். மழை அளவு யாருக்குத் தெரிந்தால் என்ன, எங்களுக்குக் கவலை இல்லை. மரபணுத் தரவு வைத்திருப்பவர்கள் அனுப்பும்போது அந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும்.

இனி எனக்குப் பிடிக்காதவை. முதல் மனக்குறை, பகிர்வது. உங்கள் ஃபோல்டர் ஒன்றை, உங்கள் சர்வரில் கணக்கே இல்லாத ஒரு வெளியூர் ஆய்வாளருக்கு நாலு க்ளிக்கில் திறந்துவிடும் வசதி குளோபஸில் உண்டு, கெஸ்ட் கலெக்‌ஷன் என்பார்கள். எல்லா அறிமுகக் காட்சியிலும் இதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். அது சந்தா கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும். லாப நோக்கமில்லாத ஆய்வுக்கு அடிப்படைச் சேவை இலவசம், அதை மனதாரப் பாராட்டுகிறேன், ஆனால் சர்வர் போடுவதன் முக்கியக் காரணமே பகிர்வதுதானே? நாங்கள் செய்வது: விருந்தாளிக்கென்று ஒரு கணக்கு, படிக்க மட்டும் அனுமதி, மேப்பிங் கோப்பில் அவர்களது முகவரிகள். ஆள் மாறும்போதெல்லாம் நான் கையால் திருத்த வேண்டும். கொஞ்சம் பேர் என்றால் ஓடும், ஐம்பது பேர் என்றால் ஓடாது. ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு, எத்தனை ஓட்டம் என்று கூட்டிக் குறைக்கும் திருகும் சந்தாக்காரர்களுக்குத்தான். யார் என்ன அனுப்புகிறார்கள் என்று நிர்வாகி பார்க்கும் திரையும் அப்படியே.

இரண்டாவது, கட்டுப்பாடு நம் கையில் இல்லை. ஒரு காலத்தில் குளோபஸ் டூல்கிட் முழுக்கத் திறமூலமாக இருந்தது. 2018 தொடக்கத்தோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை நம்பியிருந்தவர்கள் கிரிட் கம்யூனிட்டி டூல்கிட் என்று தனியாக எடுத்து ஓட்டுகிறார்கள். இப்போதைய சர்வர் குளோபஸின் மையச் சேவை இல்லாமல் அசையாது. சிகாகோவில் பராமரிப்பு என்று நிறுத்தினால் சென்னையில் நம் இரண்டு கட்டடங்களுக்கு இடையே கூட எதுவும் போகாது. பதிப்பு மாற்றமும் சும்மா அப்டேட் கட்டளை போட்டால் முடிந்தது என்பதல்ல. நான்காம் பதிப்புக்கான ஆதரவு 2023 முடிவோடு நின்றபோது ஐந்துக்கு மாற தனியாக நேரம் ஒதுக்கி உட்கார வேண்டியிருந்தது, பயனர்களுக்கும் புது இடம், புதுப் பெயர்.

மற்றவை எப்படி என்றால், ஐபிஎம்மின் ஆஸ்பெரா டிசிபியில் இல்லாமல் யுடிபி என்ற வேறு முறையில் ஓடுவது, பாக்கெட் இழக்கும் மோசமான லைனில் குளோபஸைவிட அதுதான் தாங்கும், ஆனால் சர்வர் பக்கத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் ஹெச்பிஎன்-எஸ்எஸ்ஹெச், மேலே சொன்ன 2 எம்பி தடையை நீக்கிய எஸ்எஸ்ஹெச், டேட்டாவை வாங்கும் பக்கத்திலாவது அது இருக்க வேண்டும். சர்வரே வேண்டாம், இரண்டு பேருக்குள் எப்போதாவது என்றால் இதுதான் என் சிபாரிசு. ஆர்குளோன் கிளவுட் சேமிப்பிடங்களுக்கு அருமை. கால்டெக்கின் எஃப்டிடி ஒரே ஒரு ஜாவா கோப்பு, போட்டவுடன் பறக்கும், ஆனால் யார் உள்ளே வரலாம் என்ற காவலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரூட்டிடி, எஃப்டிஎஸ் இரண்டும் துகள் இயற்பியல் உலகத்துக்கு வெளியே ஒரு சின்ன லேப் தனியாகத் தூக்கிச் சுமக்கக்கூடியவை இல்லை.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், சர்வர் வாங்க கொட்டேஷன் கேட்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இஎஸ்நெட் சில சோதனை சர்வர்களை குளோபஸில் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது, ஒன்று ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னிலேயே இருக்கிறது. வெவ்வேறு அளவில் சோதனைக் கோப்புகள், கூடவே சின்னக் கோப்புகளாகப் பிரித்த ஃபோல்டரும் உண்டு. ஏதாவது ஒரு பழைய கணினியில் பர்சனலைப் போட்டு அங்கிருந்து 10 ஜிபி கோப்பை இழுங்கள், பிறகு துணுக்குகளை இழுங்கள். காலையில் ஒரு தடவை, ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோரும் படம் பார்க்கும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை. வரும் எண்களைத் தேதி நேரத்தோடு எழுதி நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்புங்கள். "ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்" என்ற மெயிலுக்குப் பதில் வராது. எண்களோடு போகும் மெயிலுக்கு, எங்கள் அனுபவத்தில், அன்றைக்கே ஆள் வந்தார்.